கைக்கணக்கும் கருவிக்கணக்கும்
(குறைந்த செலவில் ஒரு டார்க் ரெஞ்ச் தேர்ந்தெடுப்பது எப்படி?)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் "கைக்கே தெரியும் தம்பி" என்றுதான் பதில் வரும். இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியலாம். டிப்ளமோ படிக்கிற நம் கைக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா குற்றாலம் சீசன் மூன்று மாதமும் ஐந்தருவிப் பக்கம் பழ வியாபாரம் பார்ப்பவர். மங்குஸ்தான், ரம்புட்டான் பெட்டிகளை நூறு சி.சி. பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். சாரல் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கடையில எதுக்கு காசு கொடுக்கணும், நானே ஆயில் மாத்துதேன்" என்று உட்கார்ந்தேன். பழைய ஆயிலை வடித்து, அடியில் உள்ள ஆயில் போல்ட்டை மாட்டி முறுக்கினேன். கசியக் கூடாதே என்ற பயத்தில், ரிங் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெய் மாதிரி சுற்றியது. மரை போய்விட்டது.

யாரிடமும் சொல்லாமல் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மாட்டிவிட்டேன். நாலாம் நாள் இலஞ்சி ரோட்டில் ஆயில் முழுக்க ஒழுகி, இன்ஜின் பிடித்துவிட்டது. வண்டி 19 நாள் பட்டறையில் கிடந்தது. அந்த 19 நாளும் அப்பா லோடு ஆட்டோவுக்கு வாடகை கொடுத்தார். திட்டவே இல்லை. "இன்னும் கொஞ்சம் மெதுவா முறுக்கியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார். அந்த 'கொஞ்சம்' என்பது எவ்வளவு? அதைத் தேடிப் போன கதைதான் இந்தக் கட்டுரை.

முறுக்கும்போது என்ன நடக்கிறது?

திருப்பு விசை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது. முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறோம், ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஞாபகம் வருவதில்லை. 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ விசை கொடுத்தால் 200 × 0.20 = 40 நியூட்டன் மீட்டர். பைப் சொருகி நீளத்தை 40 செ.மீ. ஆக்கினால் அதே கை விசைக்கு 80. எங்க வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஆயில் போல்ட்டுக்குப் போட்டிருப்பது 24 நியூட்டன் மீட்டர்தான்! அலுமினிய மரை எப்படித் தாங்கும்?

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். முறுக்க முறுக்க அது மிக நுட்பமாக நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்ப்பதால்தான் இரண்டு பாகங்களும் இறுகி நிற்கின்றன. நமக்கு வேண்டியது இந்த இழுவிசைதான், முறுக்கு அல்ல. ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், சுமார் 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடுகிறது. மீதி பத்து சதவீதம் அளவுக்குத்தான் போல்ட்டை இழுக்கிறது.

இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. திருப்பு விசை = முறுக்குக் கெழு × போல்ட்டின் விட்டம் × இழுவிசை. காய்ந்த மரைக்குக் கெழு சுமார் 0.20, எண்ணெய் பட்ட மரைக்குச் சுமார் 0.15. எட்டு மில்லி போல்ட்டை 22 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் இழுவிசை 22 ÷ (0.20 × 0.008) = 13,750 நியூட்டன். அதாவது சுமார் 1,400 கிலோ. விரல் பருமன் கூட இல்லாத ஒரு போல்ட், ஒரு சின்னக் காரின் எடையை விட அதிகமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதே போல்ட்டில் எண்ணெய் தடவிவிட்டு அதே 22-க்கு முறுக்கினால் இழுவிசை 18,300 நியூட்டனைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகவே புத்தகத்தில் காய்ந்த மரை என்றால் துடைத்துவிட்டு முறுக்கணும், எண்ணெய் தடவச் சொன்னால் தடவணும். கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதை அது நமக்குச் சொல்லித் தராது.

கடையில் கிடைக்கும் வகைகள்

முள் வகை: ஒரு நீண்ட எஃகுக் கம்பி, நுனியில் கைப்பிடி, பக்கத்தில் ஒரு மெல்லிய முள், கீழே அளவுகோல். நாம் இழுக்கும்போது கம்பி வளையும். முள்ளின் மேல் பாரம் இல்லாததால் அது வளையாமல் நிற்கும். வளைவு விசைக்கு நேர்விகிதம், அதாவது ஹூக் விதி. நம்முடைய ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடமே கையில் இருக்கிறது. இதில் தேய்ந்து போக ஒன்றும் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் லேசாக வளைத்துப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்ளலாம். குறை என்னவென்றால், முள்ளை நேருக்கு நேர் பார்த்துத்தான் படிக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் அளவு மாறிவிடும். வண்டிக்கு அடியில் இருட்டில் கஷ்டம்.

டக் வகை: கைப்பிடியைத் திருகி அளவை வைத்துவிட்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தத்தோடு கைக்கு ஒரு தளர்வு தெரியும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பார்க்க வேண்டியதில்லை, வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஸ்பிரிங் காலப்போக்கில் தளரலாம். தளர்ந்தாலும் 'டக்' சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்! பொய் சொல்வதும் அதே குரலில்தான்.

டயல் வகையும் மின்னணு வகையும் உண்டு. மின்னணு வகையில் எண்ணாகவே தெரியும், ஆனால் பேட்டரியைக் கவனிக்கணும். மாணவர் பட்ஜெட்டுக்கு முதல் இரண்டு வகையே போதும்.

நான் செய்த இரண்டாவது தப்பு

சீசன் முடிந்ததும் ஒரு வொர்க் ஷாப்பில் விடுமுறை வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு டக் வகை ரெஞ்ச் வாங்கினேன். அரை அங்குலச் சதுரம், பெரிய பெட்டி, பளபளப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் அளவு 28-ல் தொடங்கி 210 நியூட்டன் மீட்டர் வரை. என் ஆயில் போல்ட்டுக்கு வேண்டியது 24. பைக்கில் நான் அடிக்கடி கழற்றுகிற எந்த போல்ட்டுக்கும் அது உதவவில்லை. "யானையைப் பிடிக்கிற கயித்த வச்சு ஆட்டுக்குட்டியக் கட்டப் பாக்கியே!" என்று வொர்க் ஷாப் அண்ணாச்சி சிரித்தார்.

ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன்னால், நமக்கு என்ன அளவு தேவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இருசக்கர வண்டிகளில் தனியாக அளவு குறிப்பிடாத சாதாரண போல்ட்டுகளுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் அளவுகள் இவை:

5 மில்லி போல்ட்: 5 நியூட்டன் மீட்டர்
6 மில்லி போல்ட்: 10 நியூட்டன் மீட்டர்
8 மில்லி போல்ட்: 22 நியூட்டன் மீட்டர்
10 மில்லி போல்ட்: 34 நியூட்டன் மீட்டர்
12 மில்லி போல்ட்: 54 நியூட்டன் மீட்டர்

உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. 10 மில்லி ஸ்பார்க் பிளக்குக்கு 10 முதல் 12 வரை போதும். சின்னக் கார்களின் வீல் நட்டுக்குப் பொதுவாக 85-லிருந்து 110 வரை; வண்டிக்கு வண்டி மாறும்.

இதில் ஒரு விதியும் இருக்கிறது. ஒரு ரெஞ்சின் உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே அதை நம்பக் கூடாது. 210 வரை போகும் ரெஞ்சை 42-க்கு மேல்தான் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆக, பைக் மட்டும் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது 5 முதல் 25 வரை உள்ள கால் அங்குலச் சின்ன ரெஞ்ச். அலுமினிய மரைகள் எல்லாம் அந்த அளவுக்குள்தான் அடங்கும், உடைவதும் அவைதான். கார் வீல் நட்டுக்கும் ஆக்சில் நட்டுக்கும் அரை அங்குல முள் வகை ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ரெஞ்ச் என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள்.

விலையும் நம்பகமும்

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அளவிலேயே டக் வகை கிடைக்கிறது. காலிபிரேஷன் சான்றிதழோடு வரும் பெரிய பெயர்க் கருவிகள் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். வித்தியாசம் எங்கே? ஐ.எஸ்.ஓ. 6789 என்ற உலகத் தரம், டக் வகைக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம், அதற்குக் கீழே 6 சதவீதம் வரைதான் பிழையை அனுமதிக்கிறது. வேலைத் தலங்களில் 5,000 தடவை முறுக்கியதும், அல்லது ஒரு வருஷம் ஆனதும் மறுபடி சோதிப்பது வழக்கம். வீட்டு உபயோகத்தில் 5,000 தடவை வர எத்தனையோ வருஷம் ஆகும். மலிவான ரெஞ்ச் எல்லாம் மோசம் என்று இல்லை. அட்டையில் "4 சதவீதம்" என்று அச்சடித்திருப்பது உண்மையா என்பதுதான் கேள்வி. அதை நாமே சோதிக்கலாம்.

வாளித் தண்ணீர் சோதனை

தேவையானவை: ஒரு வைஸ், ஒரு வாளி, ஒரு ஸ்கேல், தண்ணீர். குற்றால அருவித் தண்ணியானாலும் குழாய்த் தண்ணியானாலும் ஒரு லிட்டர் ஒரு கிலோதான்! காலி வாளியை முத்திரை போட்ட தராசு உள்ள மளிகைக் கடையில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு பெரிய போல்ட்டை வைஸில் அசையாமல் பிடித்து, அதன் தலையில் சாக்கெட்டோடு ரெஞ்சைப் படுக்கைவாட்டில் மாட்டுங்கள். பாரம் கீழே இழுக்கும்போது ரெஞ்ச், போல்ட்டை இறுக்கும் திசையில் திரும்ப வேண்டும்.

2. சதுரத்தின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். 22 செ.மீ. என்று வைப்போம். வாளியை அந்த நடுவில்தான் தொங்கவிட வேண்டும்.

3. ரெஞ்சுக்கும் எடை உண்டு. அதை விரல்மேல் சமனாக நிறுத்தி ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள். எடை 0.5 கிலோ, மையம் சதுரத்திலிருந்து 12 செ.மீ. என்றால், 0.5 × 9.81 × 0.12 = சுமார் 0.6 நியூட்டன் மீட்டர்.

4. ரெஞ்சை 20-ல் வையுங்கள். வாளி தர வேண்டியது 19.4. அதை (9.81 × 0.22)-ஆல் வகுத்தால் சுமார் 9 கிலோ. வாளி ஒரு கிலோ என்றால் தண்ணீர் 8 லிட்டர்.

5. ஏழு லிட்டர் வரை ஊற்றிவிட்டு, அப்புறம் நூறு நூறு மில்லியாக மெதுவாக ஊற்றுங்கள். 4 சதவீதக் கணக்குப்படி வாளியும் தண்ணீரும் சேர்ந்து 8.6 கிலோவிலிருந்து 9.4 கிலோவுக்குள் 'டக்' வர வேண்டும். மூன்று தடவை செய்து பாருங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ரெஞ்ச் நல்லது. ஒரு தடவை 8, ஒரு தடவை 10 என்று தாவினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முள் வகை என்றால் இன்னும் சுலபம். வாளி தொங்குவதற்கு முன்னும் பின்னும் முள் காட்டுவதைப் படித்து வித்தியாசத்தை எடுத்தால் போதும். ரெஞ்சின் எடைக் கணக்கே வேண்டாம். இரண்டிலும் காலை மட்டும் வாளிக்குக் கீழே வைக்காதீர்கள். இந்தச் சோதனை நேபிள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழுக்குச் சமம் ஆகாது. ஆனால் ரெஞ்ச் பொய் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பயன்படுத்தும் முறை

டக் வகையை வேலை முடிந்ததும் அதன் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். அதற்கும் கீழே திருகாதீர்கள். போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். கைப்பிடியில் பைப் சொருகவே கூடாது. வெடுக்கென்று இல்லாமல் சீராக இழுத்து, முதல் 'டக்'கோடு நிறுத்துங்கள். "எதுக்கும் இன்னொரு டக்" என்பதுதான் அளவைத் தாண்ட வைக்கும். வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக ஏற்றுங்கள். புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவுக்குப் போகிற வண்டி என்றால், சக்கரம் மாற்றியபின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை நட்டுகளைச் சோதித்துவிடுவது நல்லது.

கருவியும் கண்ணும்

கருவி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். காரணம், அதற்கு முந்தைய நாள் மாற்றிய கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை. தப்பான போல்ட்டை எவ்வளவு கவனமாக முறுக்கினாலும் அது தப்பான போல்ட்தான். முதலில் புத்தகம், அடுத்து போல்ட், அதன் மரை, அப்புறம்தான் ரெஞ்ச்.

இதெல்லாம் பைக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போனால் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே செங்கோட்டைக் கணவாய்க் காற்றுதான் அவற்றையும் சுற்றுகிறது. ஒவ்வொரு கோபுரமும் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டதே. அங்கே ஹைட்ராலிக் டார்க் ரெஞ்ச் வைத்து அளவு பார்த்து முறுக்கி, அடையாளக் கோடு போடுவார்கள். நம்மில் சிலர் நாளை அந்த வேலைக்குப் போகப் போகிறோம். அங்கே போய் "கைக்கே தெரியும் சார்" என்று சொல்ல முடியாது.

ஒரு வேண்டுகோள்

ஒரு மாணவன் தனியாக இரண்டு ரெஞ்ச் வாங்குவது கஷ்டம். எனவே நமது பேரவையே ஒரு சின்ன டக் வகையும் ஒரு பெரிய முள் வகையும் வாங்கி, வொர்க் ஷாப் அலமாரியில் வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்ல ஒரு நோட்டும் வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை வாளிச் சோதனையை முதலாமாண்டு தம்பிகள், தங்கைகள் முன்னால் செய்து, வந்த அளவை அதே நோட்டில் எழுதி வைக்கலாம். தொடக்கமாக, நான் தப்பாக வாங்கிய அந்த 28–210 ரெஞ்சைத் தந்துவிடுகிறேன். பைக்குக்குத்தான் அது ஆகாது, கார் வீல் நட்டுக்கு நன்றாகவே ஆகும்.

இந்த வருஷம் சீசன் தொடங்குமுன் அப்பாவின் வண்டிக்கு மறுபடி நானே ஆயில் மாற்றினேன். பட்டறையில் போட்ட புது மரையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, 24-ல் வைத்து இழுத்தேன். 'டக்' என்றது. பக்கத்தில் நின்ற அப்பா, "அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் முறுக்கலையா?" என்றார். "அவ்வளவுதாம்ப்பா" என்றேன். அடியில் விரித்த செய்தித்தாளில் மறுநாள் காலை வரை ஒரு சொட்டுக்கூட இல்லை.